கிழக்கே நகர்ந்த கால்வாய்

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டி, வரைபடத்தைப் பாலித்தீன் உறைக்குள் சுருட்டிக்கொண்டு குறைதீர்க்கும் நாளுக்குப் போனேன்.

கொண்டுபோனவை: மனு, நகலோடு. வண்ண வரைபடம், ஆள் உயரம். பழைய சர்வே வரைபடத்தின் நகல். சர்க்கரை மாத்திரை. குடை, கம்பி உடைந்தது.

தெருத் தண்ணீர் வடியப் பழைய கால்வாயைத் தேடித் தரக் கேட்டு இதுவரை கொடுத்த மனுவுக்கெல்லாம் ஒரே மாதிரிதான். வாங்குவார்கள், முத்திரை வைப்பார்கள், சில வாரம் கழித்துப் பதில் வரும்: 'மேற்படி இடத்தில் கால்வாய் இருந்ததற்கான சான்று ஏதும் இல்லை.' அறுபது தாண்டினவன் காலேஜில் சேர்ந்து சான்றைத் தானே செய்துகொண்டு வருவான் என்று அதை எழுதினவன் எதிர்பார்த்திருக்க மாட்டான்.

இன்று மேசையில் விரித்ததும் அதிகாரி எழுந்து நின்றார். எழுந்து!

"யாருங்க போட்டுக் குடுத்தது? உங்க பையனா?"

"பையன் கிடையாது. நான் போட்டது. புவியியல் தகவல் முறைமை, முதுநிலை, ரெண்டாம் வருஷம். இது என் புராஜெக்ட்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி என் முகம். பக்கத்து மேசை ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். பழைய வரைபடம் கீழே, இன்றைய செயற்கைக்கோள் படம் மேலே. நீலக் கோடு கால்வாய். குளத்தில் தொடங்கித் தெற்கே ஏரிக்குப் போகிறது. அந்தக் கோட்டின் நட்டநடுவில், எங்கள் தெருவுக்குக் கிழக்கே இரண்டாவது தெருவில், தனத்தின் தம்பி கட்டிய கல்யாண மண்டபம். (இனி 'த.த.' என்றே எழுதுவேன். என் மனைவியின் தம்பிதான், ஆனால் அந்தப் பெயர் இந்த நோட்டில் வராது.)

"இந்த வாரமே ஆள் அனுப்பறோம் ஐயா."

நம்பவில்லை. வெளியே வந்து டீ குடித்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டு விட்டு. பக்கத்து வீட்டுக் குமரேசனின் தறிக்குழி நிறைந்துவிட்டது. கால் மிதியெல்லாம் தண்ணீருக்குள். மோட்டார் வைத்து இறைக்கிறான், இறைக்க இறைக்க ஊறுகிறது. பாதி நெய்த சேலையை மேலே தூக்கிக் கட்டியிருக்கிறான், குழந்தையைத் தூளியில் போட்ட மாதிரி.

"அண்ணே, உன் மேப்புதாண்ணே கதி" என்றான். சொன்ன விதம் பிடித்திருந்தது.

தனம் பேசவில்லை. காரணம் தெரியும். மாதக் கடைசியில் த.த. மகளுக்குக் கல்யாணம், அதே மண்டபத்தில். பத்திரிகை வந்து சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. நான் பிரிக்கவில்லை. இவள் போகலாம், நான் தடுக்கவில்லை. போனால் நான் அடுப்பு மூட்டிக்கொள்வேன் என்று மட்டும் சொன்னேன்.

மதியம் சோறு போடும்போது: "மேப்பு போட்டீங்களே, அதுல சாம்பார் கிண்ணம் எங்க இருக்குதுன்னு பாத்துக் கொஞ்சம் எடுத்துக்கங்க."

பார்க்க வேண்டியது: கூடப் படிக்கும் ரேவதிக்குப் பென் டிரைவ் திருப்பித் தருவது. சனிக்கிழமைக்கு ஸ்லைடு. குளத்தைப் பற்றித் தனி மனு. பழைய வரைபடத்தில் குளத்தின் கிழக்குக் கரை இன்றைய கரையைவிட வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அவ்வளவையும் தூர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். ஒருவன் கேட்கவில்லை. ஊர் முழுக்கத் திருடர்கள்.

நவம்பர் 6, வியாழன்

ஒட்டிவிட்டார்கள். மண்டபத்தின் கேட்டில் நோட்டீஸ். நீர்வழி ஆக்கிரமிப்பு, விளக்கம் தரவும், அதுவரை மண்டபத்தைப் பயன்படுத்தக் கூடாது. நானே போய் வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை. என் கோட்டை இவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்!

அதிர்ச்சிதான். சந்தோஷம் பிறகுதான் வந்தது, அதுவும் முழுசாக வரவில்லை.

தெருவே டீக்கடையில். குமரேசன் என் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டான். யாரோ: "பெரிசு சாதிச்சிடுச்சுப்பா." இன்னொருவர்: "இந்த வயசுல காலேஜுக்கு இன்னாத்துக்கு போவுதுன்னு நெனச்சேன், இதுக்குத்தான்."

சாயங்காலம் த.த. வந்தான். பைக்கை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு, நனைந்தபடி, செருப்போடு உள்ளே.

"இன்னா மாமா, கம்ப்யூட்டர்ல கோடு இழுத்தா காவா வந்துடுமா?"

"கோடு நான் இழுக்கல. நூறு வருஷத்துக்கு முன்னால வெள்ளைக்காரன் இழுத்தது."

"நான் அஸ்திவாரம் தோண்டினப்போ நீயும்தான் நின்னுக்கினு இருந்த. எவ்ளோ ஆழம் போனோம்? ஒரு கை மணல் வந்துச்சா? வெறும் களி. காவா ஓடுன எடத்துல களி இருக்குமா மாமா?"

"அதெல்லாம் அதிகாரிகிட்ட சொல்லு."

"புள்ளைக்கு கல்யாணம் வெச்சிக்கினு இருக்கறேன். ஊரெல்லாம் பத்திரிகை குடுத்தாச்சு. மண்டபத்துக்காரன் பொண்ணு கல்யாணத்தை ரோட்டுல வெக்கச் சொல்றியா?" அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, நீயாச்சும் சொல்லேன்."

தனம் அடுப்படி வாசலில். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

அவன் போன பிறகு தரையில் அவன் செருப்புச் சேறு. அவளே துடைத்தாள். என்னைத் துடைக்க விடவில்லை.

என் மீது தப்பில்லை. எங்கள் அப்பா இறந்தபோது பின் சந்துக் கேட்டைப் பூட்டி வழி விடாமல் நின்றவன் இவன். பாடையைச் சுற்றுவழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. ஆனால் இந்த வரைபடம் அதற்காகப் போட்டதல்ல. இதை எழுதி வைக்கிறேன், எனக்கே.

நவம்பர் 8, சனி

வகுப்பு. பஸ்ஸில் நின்றுகொண்டே. லேபில் மின்விசிறி இன்றும் ஓடவில்லை, புகார் எழுதிக் கொடுத்தேன்.

புராஜெக்டைக் காட்டும் நாள். பாடம் எடுக்கும் நிர்மலா மேடம் முன்வரிசையில். சின்ன வயதுதான், குரலை உயர்த்தாமல் பேசுவார். எனக்குப் பக்கத்தில் ரேவதி, முசரவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் பெண், வீட்டில் நெல் விவசாயம். பின்னால் பையன்கள். நான் காட்டினேன். குளம், கால்வாய், மண்டபம். நோட்டீஸ் ஒட்டியதையும் சொன்னேன். கைதட்டினார்கள்.

மேடம் தட்டவில்லை.

"ஐயா, பழைய ஷீட்டை ஏன் வெட்டி வெச்சிருக்கீங்க? முழுசா காட்டுங்க."

"எங்க ஏரியா மட்டும்தானே மேடம் வேணும்."

"பரவால்ல. முழுசா."

போட்டேன். திரையில் ஊர் முழுக்க. ரேவதிதான் மெதுவாக: "ஐயா... ஏகாம்பரநாதர் கோபுரம் வீடுங்க மேல நிக்குது."

பார்த்தேன். பழைய வரைபடத்தின் கோபுரம் ஓரிடத்தில். செயற்கைக்கோள் படத்தின் கோபுரம், அதன் நிழலோடு, மேற்கே வேறிடத்தில்.

பின்னாலிருந்து ஒருவன்: "கோபுரத்தையும் ஆக்கிரமிச்சிட்டாங்களா தாத்தா?"

சிரிப்பு. லேப் முழுக்க. ரேவதி மட்டும் திரும்பி அவனை முறைத்தாள்.

"டேட்டம் என்ன குடுத்தீங்க?" மேடம்.

சொன்னேன். செயற்கைக்கோளுக்கு உள்ளதையே கொடுத்தேன், இரண்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று.

"பழைய ஷீட்டுக்கு அது கிடையாதே ஐயா."

"பாகை பாகைதான் மேடம். மூலையில அச்சடிச்சிருக்கிற எண்ணை அப்படியே குடுத்தேன். ஒரு எண்ணைக்கூட மாத்தல."

"எண் சரிதான். அது எந்த பூமியோட எண்ணுன்னு தப்பா சொல்லிட்டீங்க."

எழுதி வைத்துக்கொள்கிறேன், எனக்கு இது தெரியாது என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது. பூமி சரியான உருண்டை இல்லை. அந்தக் காலத்தில் இந்தியாவை அளந்தவர்கள் நம் பக்கத்துக்குப் பொருந்தும் ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு அளந்தார்கள். செயற்கைக்கோள் உலகம் முழுக்கப் பொருந்தும் இன்னொரு வடிவத்தை வைத்திருக்கிறது. ஒரே பாகை எண், இரண்டு வடிவத்திலும் இரண்டு இடத்தில் விழும். எது எந்த வடிவம் என்று (அதுதான் டேட்டம்) மென்பொருளிடம் சொன்னால் அது சரிசெய்து வைக்கும். தப்பாகச் சொன்னால் மொத்தத் தாளும் ஒரே பக்கம் நகர்ந்து உட்காரும். நம் ஊரில் நூற்றைம்பது மீட்டர் அளவுக்கு, கிழக்கே.

இது முதல் பருவத்துப் பாடம். தேர்வில் வந்தது. நான் பதில் எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். இப்போது கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்வேன்.

ஒத்துக்கொள்ளவில்லை. "பாத்துட்டு சொல்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாப்பாட்டு டப்பா லேபிலேயே.

நவம்பர் 9, ஞாயிறு

மூட்டம். மழை இல்லை.

நானே பார்ப்பேன், மேடம் சொன்னதற்காக இல்லை. அசையாத இடங்கள்: கோபுரம். ரயில் நிலையம். பழைய பாலம். கோயில் குளத்து நடு மண்டபம். எல்லாமே தள்ளி. எல்லாமே ஒரே பக்கம். ஒரே அளவு.

பட்டுச் சேலைக்கு டிசைன் கிராஃப் போட்டே காலம் தள்ளினவன் நான். கட்டம் கட்டமாக நிறம் அடிப்பது. கம்ப்யூட்டர் வந்தபோது யாரும் சொல்லித் தரவில்லை, கடைக்குப் போய் நின்று பார்த்துக் கற்றேன். சேலையில் அன்னம் ஒரு கட்டம் தள்ளி விழுந்தால் நெய்தவனைத்தான் கேட்பேன், கிராஃப் தாளைச் சந்தேகப்பட்டதே இல்லை. தாளில் இருப்பதுதான் சட்டம். அதே பழக்கம். வரைபடமும் ஊரும் ஒத்துப்போகவில்லை என்றதும் ஊரைத் திருடன் என்றேன்.

குளத்தை யாரும் தூர்க்கவில்லை. மேற்குக் கரையைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கிழக்கே எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு மேற்கே கூடியிருக்கிறது. திருடுகிறவன் ஒரு பக்கம் எடுத்து இன்னொரு பக்கம் வெட்டிக் கொடுப்பானா? பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று வெட்டி வைத்தேன்.

டேட்டத்தை மாற்றினேன். ஒரு சொடுக்குதான். கோபுரம் கோபுரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. பாலத்தின் மேல் பாலம். குளத்தின் மேல் குளம், கரைக்குக் கரை.

நீலக் கோடும் மேற்கே நகர்ந்தது.

த.த. மண்டபத்தில் எதுவும் இல்லை. வெறும் மேடு.

கோடு எங்கள் தெருவில். தெருவில்கூட இல்லை, எங்கள் வரிசையில். முனை வீடு, குமரேசன் வீடு, எங்கள் வீடு, அதற்கும் தெற்கே. பெரிதாக்கினேன். எங்கள் ஓட்டுக் கூரை. பின்கட்டுத் தளத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி. அடுப்படி.

தண்ணீர் வழி தவறி எங்கள் தெருவுக்கு வரவில்லை.

டீ ஆறிவிட்டது. தனம் வந்து எடுத்துக்கொண்டு போனாள். நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். மூடினாலும் கோடு அங்கேதான் இருக்கும். இவ்வளவு வருடம் மனு கொடுத்தேன். 'கால்வாய் எங்கே?' என்று கேட்டேன். அதன் மேல் உட்கார்ந்து.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி மழை, பலமாக. குறைதீர்க்கும் நாள், போகவில்லை. தெருவில் கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றேன், காய்ச்சல் இல்லை.

காலையில் தனத்திடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. வடகம் வைத்திருந்த தட்டை எடுத்து வைத்துக் காட்டினேன், வடகம் பழைய தாள், தட்டு ஊர், இப்படித் தள்ளி வைத்துவிட்டேன், சரியாக வைத்தால் இப்படி. வடகத்தை நகர்த்தியபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சிரித்தாள். சிரித்தாள், சிரித்தாள், இருமல் வந்து தண்ணீர் குடித்தாள், குடித்துவிட்டும் சிரித்தாள். பிறகு நின்றுவிட்டது. வடகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் தம்பி மேல தப்பே இல்லியா?"

"இந்த விஷயத்துல இல்ல."

"நம்ம வீடு?"

வடகம் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"கக்கூஸ் குழி தோண்டினோமே. ஆத்து மணலா வந்துச்சே. கொத்தனாரு கூட, 'ஆயா, உங்களுக்கு அதிர்ஷ்டம், மணலு வெலைக்கு வாங்கத் தேவையில்ல'ன்னு அதையே பூச்சுக்கு எடுத்துக்கினான். நீங்கதான் நின்னு அள்ளிப் போட்டீங்க. அப்பவாச்சும் தோணலியா?"

தோணவில்லை. அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். மண்டபத்தில் களி, என் வீட்டில் ஆற்று மணல், இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

"போய் அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

"அவன்கிட்ட சொல்ல முடியாது. அலுவலகத்துல சொல்லுவேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல."

நவம்பர் 12, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. தெரு நாற்றம்.

குமரேசனிடம் நான்தான் சொன்னேன். அவன் வீட்டு மேலும் கோடு ஓடுகிறது, சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்ன கொஞ்ச நேரத்தில் வரிசையில் உள்ள எல்லோரும் என் கூடத்தில். நாற்காலி போதவில்லை. நின்றுகொண்டே பேசினார்கள், என்னைத் தவிர எல்லோரும்.

"அண்ணே, நோட்டீசு அங்க ஒட்டியாச்சு. உட்டுடு."

"அவன் காசுக்காரன், கோர்ட்டுக்குப் போவான், பாத்துப்பான். நாம எங்க போவறது?"

"தறிய தூக்கிக்கினு எங்கண்ணே போவேன்? குழி வெட்டணும், மரம் நடணும். வாடகை வூட்ல குழி வெட்ட எவன் உடுவான்?" இது குமரேசன்.

மூலை வீட்டு அம்மா, வாசல்படியில் உட்கார்ந்து: "படிச்சது போதும் பெரியவரே. இன்னும் கொஞ்சம் படிச்சா எங்களையெல்லாம் ஏரிக்குள்ள கொண்டுபோய் வெச்சிடுவீங்க."

சிலர் சிரித்தார்கள். போன வாரம் கழுத்தில் துண்டு போட்ட அதே ஆட்கள்.

"எப்படியும் தண்ணி வருது இல்ல?" என்றேன். "நம்ம வரிசையில காவா இருக்குதுன்னு தெரிஞ்சாத்தானே அதுக்கு ஒரு வழி பண்ணுவாங்க. அங்க மண்டபத்தை இடிச்சா, இடிச்ச எடத்துல ஒரு சொட்டு ஓடாது. அடுத்த மழைக்கும் உன் தறிக்குழி நிறையும், குமரேசா."

"நெறையட்டும்ணே. எறைச்சிக்கறேன். வூடு இருக்குமில்ல?"

எல்லோரும் போன பிறகு குமரேசன் மட்டும் நின்றான். "மேடம் மார்க்கு போட்டா போதும்தானே உனக்கு? காலேஜுக்கு சரியான மேப்பு குடு. ஆபீசுக்கு பழசே இருக்கட்டும்."

வெகுநேரம் யோசித்தேன். அது நடக்கும் என்பதுதான் என்னை உலுக்கியது. யாருக்கும் தெரியாது. தப்பான கோட்டின் கீழே என் பெயர் இருக்கும், அது ஒன்றுதான்.

நவம்பர் 15, சனி

வகுப்பு. சாப்பாட்டு டப்பாவை ரேவதி கழுவி வைத்திருந்தாள். "ஊசிப்போச்சுங்க ஐயா, கொட்டிட்டேன்."

மேடத்திடம் போய் நின்றேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பஸ்ஸிலேயே தயார்செய்திருந்தேன், நீளமாக, காரணங்களோடு. வந்தது இவ்வளவுதான்:

"டேட்டம் மாத்திட்டேன்."

"தெரியும் ஐயா. மாத்திப் பாக்காம இருக்க மாட்டீங்கன்னு தெரியும்."

திரையில் காட்டினேன். வீட்டைக் காட்டும்போது, "இது எங்க வீடு" என்றேன். மேடம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கோபுரத்தைக் கேலி செய்த பையன் வந்து எட்டிப் பார்த்தான்.

"அவசரப்படாதீங்க" என்றார் மேடம். "பழைய கோட்டுக்கே ஒரு தடிமன் இருக்கு. தரையில அது பல மீட்டர். இந்த வீடுதான்னு விரல் வெச்சு சொல்ல முடியாது. ஒரு பட்டையா காட்டுங்க, அதுக்குள்ள எங்கயோன்னு."

மனசு உடனே அதைப் பிடித்துக்கொண்டது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. பட்டை என்றால் ஓரம் இருக்கும், ஓரத்துக்கு வெளியே எங்கள் வீடு இருக்கலாம்! ரேவதி உட்கார்ந்து எனக்காகப் பட்டை போட்டாள். இரண்டு பக்கமும் அகலமாக, எவ்வளவு தயவு காட்ட முடியுமோ அவ்வளவு.

எங்கள் வீடு பட்டையின் நடுவில். அடுப்படி நடுவுக்கும் நடுவில்.

"மண்ணும் இருக்குது" என்றேன். மணல் விஷயத்தைச் சொன்னேன். மேடம், "அதையும் எழுதுங்க, கள ஆதாரம்" என்றார்.

ரேவதி பஸ் ஸ்டாப் வரை ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள். இறங்கும்போது: "எங்கப்பாவா இருந்தா இந்தப் படத்தை அழிச்சிருப்பாரு, ஐயா."

"எனக்கும் அழிக்கத் தெரியும்மா."

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

நவம்பர் 17, திங்கள்

தூறல். குறைதீர்க்கும் நாள். கூட்டம்.

புது மனு. மனுதாரர்: நான். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் எழுதாமல் கொஞ்ச நேரம் விட்டு வைத்தேன். வேறு யாரை எழுதுவது? என் பெயரையே எழுதினேன், முகவரியோடு. பிறகு 'மற்றும் வரிசையில் உள்ளோர்' என்று எழுதி அடித்துவிட்டேன். அவர்கள் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. வரைபடத்தில் அவர்கள் வீடு இருக்கிறது, அது போதும், அதுவே அதிகம்.

அதே அதிகாரி. வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, உங்க மேலயே புகாரா?"

"போன தடவை குடுத்த வரைபடம் தப்பு. நான் போட்ட தப்பு. மண்டபத்துல காவா கிடையாது. அந்த நோட்டீசை எடுத்துடுங்க."

"அதை எடுக்கறோம், எழுதி வெச்சிட்டுப் போங்க. இன்னொண்ணு எதுக்கு? தப்புன்னு மட்டும் எழுதிக் குடுத்தா போதுமே. சரி எதுன்னு நீங்க குடுக்கணும்னு இல்ல."

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மண்டபம் தப்பிக்கும், கல்யாணம் நடக்கும், என் வீடும் நிற்கும், தெருவும் என்னோடு பேசும். பேனா கையிலேயே இருந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "சட்டுனு முடிங்க பெரியவரே" என்றார்.

அப்படியானால் கால்வாய் எங்கே என்று நான் கேட்டதெல்லாம் எதற்கு?

"ரெண்டையும் பதிவு பண்ணுங்க."

"இடிப்பாங்களா, அடியில குழாய் போடுவாங்களா, மாத்து இடம் தருவாங்களா, இப்ப எதுவும் சொல்ல முடியாது. தெரிஞ்சுதானே குடுக்கறீங்க?"

"தெரிஞ்சுதான்."

திரும்பினால் த.த., வக்கீல் ஒருவரோடு, கையில் அவனுடைய விளக்கம். எவ்வளவு நேரமாக நிற்கிறான்? முகம் வெளுத்திருந்தது. எதிர்பார்த்தது திட்டு. வரவில்லை.

"மாமா... இன்னா மாமா இது? உன் வூட்டையே எழுதிக் குடுத்துட்ட?"

"உனக்காக இல்ல."

"அக்கா எங்க இருக்கும்?"

"அது என் கவலை."

"பைத்தியமா நீ?" குரல் உடைந்தது, நடு வரண்டாவில், அத்தனை பேருக்கு முன்னால். எனக்கு அவன்மேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அவன் அழுவான் என்று நினைத்ததே இல்லை. குடையை எடுக்காமலே வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். தனம் கேட்டுக்கொண்டாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பத்திரிகையை எடுத்துப் பிரித்து முகூர்த்த நேரம் பார்த்தாள். "நான் முந்தின நாளே போயிடுவேன்" என்றாள்.

நவம்பர் 19, புதன்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

காலையிலேயே சர்வேயர்கள் வந்தார்கள். டேப், கருவி, சிவப்புப் பெயின்ட். தெருவில் எல்லோரும் வாசலில். ஒருவரும் என்னோடு பேசவில்லை. குமரேசன் தறியில் உட்கார்ந்தபடியே, வெளியே வரவில்லை, நாடா போய்வரும் சத்தம் மட்டும்.

வந்தவர்களில் பெரியவர் நல்ல மனிதர். கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கள் வீட்டின் வெளிச்சுவரில், சந்துப் பக்கம் குறி போடச் சொன்னார். "இங்கயே போட்டுக்கறோம் ஐயா. ஓரமா போவுதுன்னு இருக்கட்டும். சந்தோட முடிஞ்சா உங்களுக்கு நல்லது."

அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது.

"அது ஓரம் சார். நடுக்கோடு அங்க இல்ல."

"பரவால்ல ஐயா, விடுங்க."

"விட முடியாது. அப்புறம் குழாய் சந்துல போட்டுட்டு, தண்ணி மறுபடியும் வூட்டுக்குள்ள வந்தா யாரு பேர சொல்வாங்க? உள்ள வாங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். கூடம் தாண்டி, டேப்பை இழுத்துக்கொண்டு. நான் எண்ணைச் சொன்னேன், அவர்கள் கருவி ஒப்புக்கொண்டது. நடுக்கோடு விழுந்தது அடுப்பு மேடைக்கு மேலே, சுவரில். பெயின்ட் வைத்திருந்தவன் தயங்கி நின்றான்.

தனம் மசாலா டப்பாவையும் எண்ணெய்த் தூக்கையும் எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"சட்டுனு போட்டுட்டுப் போப்பா. பால் பொங்குது."